மேசையை ஒழித்துவிடாதீர்கள்

பக்கவாதம் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்



ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்தில் நீங்கள் எவ்வளவு ஓடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கட்டிலை ஹாலுக்கு மாற்றியிருப்பீர்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்த ஆள் தேடியிருப்பீர்கள். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து டப்பாக்களில் போட்டிருப்பீர்கள். இத்தனைக்கும் நடுவில், யாரும் சொல்லாமலே இன்னொரு வேலையும் நடந்திருக்கும். கட்டிலுக்குப் பக்கத்து மேசையை ஒழித்திருப்பீர்கள். தண்ணீர்ச் செம்பு, மூக்குக் கண்ணாடி, ரிமோட், சீப்பு எல்லாம் நல்ல கைப் பக்கம் போயிருக்கும், இல்லையென்றால் அலமாரிக்குப் போயிருக்கும். “தட்டிவிட்டுவிடுவார், நாமே எடுத்துக் கொடுத்துவிடலாம்” என்ற அக்கறைதான் காரணம். வீடு வீடாகப் போய்ப் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். அந்த மேசையைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

கை வராமல் போனதற்குக் காரணம் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருப்பார். ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ மூளையில் ஒரு பகுதி சேதமாகியிருக்கிறது. மிச்சமிருக்கும் மூளைக்கு அந்தக் கையைத் திரும்பப் பழக்குவதுதான் நம் எல்லோருடைய வேலையும். அதற்கு, மூளை கையை எப்படி வேலைக்கு அழைக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கண் பார்க்கிறது, மனம் ‘எடு’ என்கிறது, அதற்குப் பிறகு இயக்கப் பகுதி விழித்துக்கொண்டு கையை நீட்டுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். நடப்பது அப்படியல்ல. கையால் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் கண்ணில் பட்டதுமே, அதை எடுக்கும் எண்ணம் இல்லாதபோதுகூட, அதைப் பிடிப்பதற்கான ஆயத்தம் இயக்கப் பகுதியில் தொடங்கிவிடுகிறது. ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸில் டிரைவர் எஞ்சினை ஓடவிட்டிருப்பதைப் போல, வண்டி நகரவில்லை, ஆனால் உள்ளே வேலை நடக்கிறது.

இது தெரியவந்தது இத்தாலியின் பார்மா நகரப் பல்கலைக்கழகத்தில். ஜாக்கமோ ரிசோலாட்டியும் அவருடைய சகாக்களும் மக்காக் குரங்குகளின் மூளையில், இயக்கப் பகுதிக்குச் சற்று முன்னால் இருக்கும் எஃப்-5 என்ற இடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்குள்ள நரம்பணுக்கள் இந்தத் தசை, அந்தத் தசை என்று பார்த்து வேலை செய்யவில்லை, செய்யும் காரியத்தைப் பார்த்து வேலை செய்தன என்பதை அவர்கள் 1988-இல் எழுதினார்கள். பிடிப்பதற்குச் சில நரம்பணுக்கள், பிடித்ததை வைத்திருப்பதற்குச் சில, கிழிப்பதற்குச் சில. பிடிப்பதிலேயே, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுப்பதற்குத் தனி, முழுக் கையால் பற்றுவதற்குத் தனி. இவற்றில் ஒரு பங்கு, கை அசைவதற்கு முன், பொருளைக் காட்டியதுமே துடித்தது. சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கும்போது வேலை செய்யும் நரம்பணு, சின்னப் பொருளைக் காட்டியபோதுதான் துடித்தது.

‘குரங்கு எடுக்கப் போகிறது, அதனால்தான் துடிக்கிறது’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தந்தது 1997-இல் வெளியான ஆய்வு. ஜப்பானைச் சேர்ந்த அகிரா முராடா பார்மா குழுவோடு சேர்ந்து செய்தது. தட்டை, வளையம், கனசதுரம், உருளை, கூம்பு, உருண்டை என்று ஆறு வடிவங்களைக் குரங்குக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் குரங்கு அதை எடுக்க வேண்டும். இன்னொரு கட்டத்தில் எடுக்கவே தேவையில்லை. பார்த்துக்கொண்டிருந்து, விளக்கின் நிறம் மாறியதும் பொத்தானிலிருந்து கையை விட்டால் போதும். அப்போதும் அந்த நரம்பணுக்கள் துடித்தன. வளையத்தைப் பிடிக்கும்போது மும்முரமாக வேலை செய்த நரம்பணு, வளையத்தைச் சும்மா பார்த்தபோதும் மும்முரமாக இருந்தது. இவற்றுக்குக் ‘கனானிகல் நியூரான்’ என்று பெயர் வைத்தார்கள்.

அதே எஃப்-5 பகுதியில், பிறர் செய்வதைப் பார்த்தாலும் துடிக்கும் ‘கண்ணாடி நியூரான்’கள் கிடைத்து, உலகப் புகழ் பெற்று, பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டன. புகழ் முழுதும் அங்கே போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. என் வேலைக்கும் உங்கள் வீட்டுக்கும் அன்றாடம் உதவுவது இந்தப் பேசப்படாத கனானிகல் நியூரான்கள்தான் என்பது என் எண்ணம்.

எஃப்-5 தனியாக இதைச் செய்வதில்லை. மூளையின் மேல்பக்கவாட்டில், கண் தரும் வடிவத்தைக் கைக்குத் தேவையான வடிவமாக மாற்றித் தரும் இன்னொரு பகுதி இருக்கிறது. டோக்கியோவில் ஹிடேயோ சகாட்டாவின் குழு அதை விரிவாக ஆராய்ந்தது. 1994-இல் வெளியான ஒரு சோதனையில், அந்த இடத்தை மருந்து செலுத்திச் சற்று நேரம் மரத்துப்போகச் செய்தார்கள். குரங்கின் கை பொருள் இருக்கும் இடத்துக்குச் சரியாகவே போனது, ஆனால் விரல்கள் பொருளுக்கு ஏற்றபடி விரியவில்லை. பலம் இருக்கிறது, இடமும் தெரிகிறது, வடிவம் மட்டும் வரவில்லை. உங்கள் வீட்டில் கை கொஞ்சம் திரும்பி வந்த பிறகு இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்: கை டம்ளர் வரை போகிறது, விரல் திறக்காமல் டம்ளரை முட்டித் தள்ளுகிறது.

நல்ல கையில் அது எப்படி நடக்கிறது என்று இன்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எதிரே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். கை கிளம்பும்போதே கட்டைவிரல் மற்ற விரல்களிலிருந்து விலக ஆரம்பிக்கும். பாதித் தூரம் தாண்டியதும் விரல்கள் டம்ளரின் அகலத்தைவிடக் கூடுதலாக விரிந்திருக்கும். பிறகு நெருங்க நெருங்கக் குறுகி, தொடும் நேரத்தில் சரியான அளவுக்கு வந்து நிற்கும். டம்ளருக்குப் பதில் ஒரு மாத்திரையை வையுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு விரல் மட்டும் முன்னே வரும். பொருளைத் தொடும் முன்பே, காற்றிலேயே, பொருளின் அளவு விரலில் எழுதப்பட்டுவிடுகிறது. பிரான்சில் மார்க் ஜான்னரோ 1980-களில் இதைப் படமெடுத்து அளந்து காட்டினார். யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை. யோசித்தும் செய்வதில்லை. பொருளைப் பார்ப்பதே போதுமானதாக இருக்கிறது.

குரங்கு சரி, மனிதருக்கு? 1997-இல் ஸ்காட் கிராஃப்டன், பார்மா குழுவினரோடு சேர்ந்து, ஆட்களுக்குப் பழக்கமான கருவிகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, கையை அசைக்காமல் பார்த்தபோதே இடது பக்க இயக்க முன்பகுதி சுறுசுறுப்பானது தெரிந்தது. 2000-இல் லிண்டா சாவோவும் அலெக்ஸ் மார்ட்டினும் கருவிகள், விலங்குகள், முகங்கள், வீடுகள் என்று படங்களைக் கலந்து காட்டினார்கள். கருவிகளுக்குத்தான் அந்தப் பகுதி கூடுதலாக எழுந்தது. வீட்டையும் பூனையையும் பார்க்கும்போது இல்லாத ஏதோ ஒன்று சுத்தியலைப் பார்க்கும்போது மூளையில் நடக்கிறது.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது இன்னொரு வகைச் சோதனை. மண்டைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வைத்து, கையை ஆளும் மூளைப் பகுதிக்கு ஒரு துடிப்பு கொடுப்பார்கள். கைத் தசை லேசாகத் துள்ளும். அந்தத் துள்ளல் எவ்வளவு பெரிது என்று அளந்தால், அந்த நொடியில் கை எவ்வளவு ஆயத்தமாக இருந்தது என்று தெரியும். 2009-இல் ஜோவான்னி புச்சினோ குழுவினர் கைப்பிடி வைத்த கோப்பைகளைக் காட்டி இப்படி அளந்தார்கள். கைப்பிடி வலது கைப் பக்கம் திரும்பியிருந்தபோது வலது கைத் தசையின் துள்ளல் பெரிதாக இருந்தது. அதே கோப்பை, அதே பக்கம், ஆனால் கைப்பிடி உடைந்திருந்தால் அந்தக் கூடுதல் இல்லை. 2011-இல் பாஸ்குவாலே கார்டெல்லிக்கியோவும் சகாக்களும் கோப்பையைக் கைக்கெட்டும் தூரத்திலும் எட்டாத தூரத்திலும் காட்டினார்கள். எட்டும் தூரத்தில் இருந்தபோதுதான் கை ஆயத்தமானது. அதற்கு முந்தைய ஆண்டு மார்செல்லோ கோஸ்தாந்தினி குழுவினர் செய்த சோதனையில், கோப்பை அருகிலேயே இருந்தும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை வைத்ததும் கைப்பிடியின் விளைவு மறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குக் கிடைக்காது. மூளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

எட்டாத தூரத்து அலமாரியில் இருக்கும் செம்பு, பார்வைக்குத் தெரிந்தாலும், உங்கள் அப்பாவின் கையை அழைப்பதில்லை. மேசையைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துறையில் சண்டையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1998-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் மைக் டக்கரும் ராப் எல்லிஸும், பொருளின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் கையால் பொத்தானை வேகமாக அழுத்துகிறோம் என்று காட்டினார்கள். அது பிடிக்கும் ஆயத்தமே அல்ல, கைப்பிடி துருத்திக்கொண்டிருப்பதால் கவனம் அந்தப் பக்கம் போவதுதான் காரணம் என்று பின்னால் வந்த சிலர் வாதிட்டார்கள். அந்த வாதம் பொத்தான் சோதனைக்குப் பொருந்தலாம். பொருளைப் பார்க்கும்போது இயக்கப் பகுதி விழிக்கிறது என்பதற்குக் குரங்கின் நரம்பணு, மூளைப் படம், காந்தத் துடிப்பு என்று தனித்தனி வழிகளில் சான்று இருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: பொருளை வெறுமே பார்த்துக்கொண்டிருந்தால் கை திரும்பி வந்துவிடாது. அப்படி யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

பார்ப்பது தூண்டும், செய்வதுதான் திருத்தும். 2000-இல் சிங்-யி வூ, கேத்தரின் டிராம்ப்ளி முதலியோர் பக்கவாதம் வந்தவர்களை, வராத கையை நீட்டி மேசைமேல் இருக்கும் நாணயங்களைத் தள்ளி மற்றக் கையில் போடச் சொன்னார்கள். இன்னொரு முறை நாணயங்கள் இல்லாமல், இருப்பதாக நினைத்து அதே அசைவைச் செய்யச் சொன்னார்கள். ஆள் ஒன்று, கை ஒன்று, தூரம் ஒன்று. உண்மையான நாணயம் இருந்தபோது கை வேகமாகப் போனது, தடுமாற்றம் குறைந்து வழுவழுப்பாகப் போனது. வெறும் மேசைமேல் கையை நீட்டி மடக்கும் பயிற்சிக்கும், வேண்டிய ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாகத் தெரிந்தது. “தினமும் ஐம்பது தடவை கையைத் தூக்கு” என்று எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். தூக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தூக்கும் கை எதையாவது எடுப்பதற்காகத் தூக்கட்டும்.

எல்லாம் நல்ல கைப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆரம்பத்தில் வராத கையை நீட்டிப் பார்ப்பார்கள், முடியாது, பொருள் விழும், அவமானமாக இருக்கும். நல்ல கையால் காரியம் ஆகிவிடும். நாளடைவில் மூளை அந்தக் கையை விட்டுவிடக் கற்றுக்கொள்கிறது. பிறகு கையில் கொஞ்சம் பலம் திரும்பினாலும் அதைப் பயன்படுத்தும் பழக்கம் திரும்புவதில்லை. இதை முறிக்க, நல்ல கைக்கு உறை மாட்டி, வராத கையாலேயே காரியங்களைச் செய்யவைக்கும் சிகிச்சை வந்தது. அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறையோடு கடும் பயிற்சி. ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது விரிக்க முடிந்தவர்களுக்கு உரிய சிகிச்சை அது, சிகிச்சையாளர் இல்லாமல் வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். ஆனால் அதன் உள்ளிருக்கும் நியாயம் உங்கள் மேசைக்கும் பொருந்தும்.

சரி, என்ன வைப்பது? அவருக்கு வேண்டியதை. பிளாஸ்டிக் கூம்பும் மரக்கட்டையும் வாங்கி அடுக்கத் தேவையில்லை. அவர் கை ஆயிரம் முறை பிடித்துப் பழகிய பொருளாக இருக்கட்டும். அவருடைய கண்ணாடிக் கூடு, வீட்டுச் சாவி, விபூதிச் சம்புடம், அம்மாவாக இருந்தால் கரண்டி, சீப்பு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பிடி இருக்கும் பொருளானால் பிடி வராத கைப் பக்கம் திரும்பி இருக்கும்படி வையுங்கள். முதலில் முழுக் கையால் பற்றக்கூடிய கனமில்லாத பொருள், கிள்ளி எடுப்பது பிறகு வரட்டும். பத்துப் பொருளைக் குவித்தால் எதுவுமே கண்ணில் படாது, இரண்டு மூன்று போதும். கண்ணாடி டம்ளர், கத்தி, சூடான காபி, மாத்திரை டப்பா இவை அங்கே வேண்டாம்.

மூளையின் வலப் பக்கம் அடிபட்டவர்களில் பலருக்கு இடப் பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு இடது ஓரத்தில் வைத்த பொருள் இல்லாத பொருள்தான். நடுவில் வைத்து, அவர் பார்க்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இடப் பக்கம் நகர்த்துங்கள்.

இன்னும் சிலருக்கு நான் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டியிருக்கும். பொருள் கண்ணில் பட்டதும் கை ஆயத்தமாகிறது என்றால், நாம் ஏன் கண்டதையெல்லாம் எடுப்பதில்லை? நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அதை அடக்கிவைக்கிறது. அந்தப் பகுதி சேதமானால் அடக்கம் போய்விடும். பாரிஸில் பிரான்சுவா லெர்மித் 1983-இல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். எதிரே மூக்குக் கண்ணாடி வைத்தால் எடுத்து மாட்டிக்கொள்வார்கள், இன்னொன்று வைத்தால் அதற்கு மேலேயே அதையும் மாட்டிக்கொள்வார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அவர் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தால், சொல்லியும் நிறுத்தாவிட்டால், அது வீம்பு அல்ல, திட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு மட்டும், சிகிச்சையாளர் வேறுவிதமாகச் சொல்லும்வரை, மேசை ஒழிந்தே இருக்கட்டும்.

கை இன்னும் துளியும் அசையாதவர்களுக்கு? பொருளை வைப்பதால் மட்டும் அசைவு வராது. அவர்களுக்கான சிகிச்சை வேறு. ஆனாலும் அந்தக் கையைப் போர்வைக்கு அடியில் போட்டு மறைத்துவைக்காதீர்கள். முழங்கை வரை தாங்கலாக எடுத்து மேசைமேல் வையுங்கள், அவர் கண்ணுக்குத் தெரியட்டும். கையைப் பிடித்து இழுத்து மட்டும் யாரையும் எழுப்பாதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் பயிற்சியைக் கெடுக்கும்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வலது கை போனவர்களில் பெரியவர்கள் பலர் இடது கையால் சாப்பிட மறுப்பார்கள். மனம் ஒப்பாது. உடனே வீட்டில் யாராவது ஊட்டத் தொடங்கிவிடுவோம். வலது கைக்கு ஒரு நாளில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அழைப்பு அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான். பசியும் இருக்கிறது, அறுபது வருடப் பழக்கமும் இருக்கிறது, பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விழுங்குவதில் சிரமம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், ஊட்டுவதற்கு முன்னால் இரண்டு இட்லித் துண்டை வலது கைப் பக்கம் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். கை நகர ஆரம்பிப்பதற்கே நேரம் பிடிக்கும். பாதி வழியில் நிற்கும். துண்டு நசுங்கும், சட்டையில் விழும். அந்த நேரத்தில் உங்கள் கை தானாக முன்னே வரும், அதை அடக்குவதுதான் இந்த மடலில் நான் கேட்கும் எல்லாவற்றிலும் கடினமானது. அவர் சோர்ந்துபோனால் மிச்சத்தை ஊட்டிவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். இதுவரை உங்கள் வீட்டுக்கு வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியுங்கள். அவர் வரும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள்: இவருக்கு எந்தப் பொருளை வைக்கலாம், எந்தப் பக்கம் வைக்கலாம், எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்? அவர் சொன்னபடி அன்றைக்கே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்றோர் வீடுகளுக்கு வந்துபோகும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்